உதட்டுக் கொப்புளம் உடல் சூட்டால் வருவதா?

"உதட்டோரம் கொப்புளம் வந்தால் உடல் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளித்து மோர் குடித்தால் மறுபடி வராது" என்று கத்திரி வெயில் நேரத்தில் சென்னை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறு. காரணம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ். பலருக்குச் சிறு வயதிலேயே எச்சில் வழியாகத் தொற்றிவிடும். கொப்புளம் ஆறினாலும் வைரஸ் முக நரம்பு முடிச்சில் தங்கிவிடும். குளியலோ மோரோ அதை அங்கிருந்து அகற்றாது. காய்ச்சல், மன அழுத்தம், மாதவிடாய் நேரத்தில் மறுபடி கிளம்பும். மெரினா வெயிலில் நின்ற பிறகு வருகிறதா? உதட்டில் பட்ட புற ஊதாக் கதிர் அதைத் தூண்டியிருக்கலாம். எரிச்சல் தொடங்கியதுமே மருத்துவரைக் கேட்டு அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து எடுத்தால் கொஞ்சம் சீக்கிரம் ஆறும், அவ்வளவுதான். அப்புறம், கொப்புளம் இருக்கும்போது பச்சிளங்குழந்தைக்கு முத்தம் வேண்டவே வேண்டாம். அந்தப் பிஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம்.