பின்னால் நாலு டயர் என்றால் லோடு இரண்டு மடங்கா?

“சிறிய லாரியில் பின்பக்கம் இரட்டை வீல் மாட்டினால் இரண்டு மடங்கு லோடு ஏற்றலாம், ஒரு டயர் பஞ்சரானாலும் மற்றது தாங்கிக்கொள்ளும்” என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

டயரின் பக்கவாட்டில் 121/118 என்பதுபோல் எண்கள் இருக்கும். இவை கிலோ அல்ல, எடையைக் குறிக்கும் குறியீட்டு எண்கள். முதல் எண் தனியாக ஓடும்போது தாங்கும் எடை, 1450 கிலோ. அடுத்தது ஜோடியாக ஓடும்போது, 1320 கிலோ. ஜோடியில் இரு டயரும் எப்போதும் சமமாகச் சுமப்பதில்லை, சூடும் எளிதில் தணியாது. அதனால்தான் இந்தக் குறைப்பு. சரி, நாலு டயரும் சேர்ந்து 5280 கிலோ தாங்கட்டும். ஆக்சில், ஸ்பிரிங், பிரேக், சேசிஸ் அப்படியேதானே இருக்கின்றன? வண்டியின் தகட்டில் உள்ள மொத்த எடைதான் (வண்டியும் லோடும் சேர்த்து) வரம்பு. கூடுதல் வீல்களின் எடையும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

பஞ்சர் விஷயம் இன்னும் ஆபத்தானது. உள் டயரில் காற்று இறங்கினால் வெளியிலிருந்து தெரியாது. பக்கத்து டயர் ஏறக்குறைய இரண்டின் பாரத்தையும் சுமந்து, சூடேறி வெடிக்கலாம். காற்றில்லாத டயர் உரசி உரசித் தீப்பிடிப்பதும் உண்டு. ஓரங்கட்டும் வரை மெதுவாகப் போகலாம், அவ்வளவுதான்.

கனமான டிரெய்லர் இழுக்கவும் உயரமான லோடு ஆடாமல் இருக்கவும் இரட்டை வீல் நிச்சயம் நல்லது. சேறு, மணல், பாதி லோடு என்று ஓடும் வண்டிக்கு ஒற்றை வீலே மேல் என்பேன். இரண்டு டயருக்கு நடுவே கல் சிக்கும் தொல்லையும் இல்லை.