5,031 கார்களும் அடுத்த திங்கட்கிழமையும்

மின்சார வண்டிக் கம்பெனிகளைப் பற்றிச் செய்தி வந்தாலே ஒரு எண்ணோடுதான் வரும். வாரத்துக்கு ஐயாயிரம், இரண்டு வினாடிக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒரு கோடி. நண்பர்கள் உடனே பகிர்ந்து கைதட்டுகிறார்கள். எனக்குக் கைதட்டத் தோன்றுவதில்லை. இதை எங்கே நின்று எண்ணினார்கள், எந்த வாரம் எண்ணினார்கள், அதற்கு அடுத்த வாரம் எவ்வளவு என்று கேட்கத்தான் தோன்றுகிறது. ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் டிஸ்பாட்ச் பார்க்கிறவனுக்கு இது தொழில் வியாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்லாவின் மாடல் 3 கதையையே எடுத்துக்கொள்வோம். பழைய கதைதான். ஆனால் நம்மூர் ஆட்கள் இன்றைக்கும் அதை ஒரு வீர வரலாறாகத்தான் சொல்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

2016 மார்ச் 31 அன்று அந்தக் காரை மேடையில் காட்டினார்கள். முன்பதிவுக்கு 1,000 டாலர். ஒரே வாரத்தில் 3,25,000 பேர் பணம் கட்டினார்கள். ஒருவர்கூட அதை ஓட்டிப் பார்த்ததில்லை. 2017 ஜூலையில் எலான் மஸ்க் ட்விட்டரில் கணக்குப் போட்டார்: ஆகஸ்டில் 100, செப்டம்பரில் 1,500-க்கு மேல், டிசம்பரில் மாதம் 20,000. அதே மாதம் 28-ஆம் தேதி கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் ஆலையில் முதல் 30 கார்களை ஒப்படைத்தார்கள். குறைந்தது ஆறு மாதம் 'உற்பத்தி நரகம்'தான் என்று அந்த மேடையிலேயே அவர் சொன்னதையும் மறைக்க வேண்டாம். பிறகு நடந்தது இது. செப்டம்பர் முடிய மூன்று மாதத்தில் தயாரானவை 260. அடுத்த மூன்று மாதத்தில் 2,425. டிசம்பர் ஒரே மாதத்தில் இருபதாயிரம் என்று சொன்ன ஆலையின் மொத்தக் காலாண்டுக் கணக்கு இது.

எங்கே சிக்கியது? கார் ஆலையில் இல்லை, நெவாடாவில் இருந்த பேட்டரி ஆலையில். தனித்தனி செல்களை அடுக்கி மாட்யூலாகக் கோர்க்கும் லைனை நான்கு பகுதிகளாகப் பிரித்திருந்தார்கள். அதில் இரண்டாம் பகுதியை அமைக்க வெளியே ஒப்பந்தம் விட்டிருந்த நிறுவனம் கைவிரித்துவிட்டது என்றும், அதன் மென்பொருளைத் தாங்களே முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது என்றும் மஸ்க் முதலீட்டாளர்களிடம் சொன்னார். ஒரு காரில் பத்தாயிரம் பாகம் இருந்தால், அதில் எது மெதுவாக வருகிறதோ அதன் வேகம்தான் காரின் வேகம். இதையும் அவரே சொல்லியிருக்கிறார். எங்கள் லைன் சூப்பர்வைசர் தினமும் காலையில் வேறு வார்த்தைகளில் சொல்வதும் இதைத்தான், கொஞ்சம் காரமாக.

அந்தப் பேட்டரியில் ஒரு விரிப்பு உண்டு. பேட்டரிப் பொதியின் மேல்புறம் ஒட்டுவதற்கான கண்ணாடி இழை விரிப்பு. பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். அதை எடுத்து, பசை தடவி, ஒட்ட ஒரு ரோபோவை வைத்தார்கள். பஞ்சுத் துண்டை இரண்டு விரலால் பிடித்து எடுக்க நம் வீட்டுக் குழந்தைக்கே தெரியும், ரோபோவுக்கு வராது. பிடி நழுவும், கோணலாக ஒட்டும், லைன் நின்றுவிடும். ரோபோவை வேகமாக்கப் பார்த்தார்கள், பசையைக் குறைத்துப் பார்த்தார்கள். கடைசியில்தான் இந்த விரிப்பு எதற்கு என்று யாரோ கேட்கத் தோன்றியிருக்கிறது. பேட்டரிப் பாதுகாப்பு ஆட்களைக் கேட்டால், சத்தத்தையும் அதிர்வையும் குறைக்க என்றார்கள். சத்தம், அதிர்வு பார்க்கிறவர்களைக் கேட்டால், தீப்பிடிக்காமல் இருக்க என்றார்கள். விரிப்பு உள்ள கார், இல்லாத கார் இரண்டிலும் மைக் வைத்து ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். வித்தியாசமே தெரியவில்லை. விரிப்பையே தூக்கிவிட்டார்கள், ரோபோவும் போனது. 2018 ஏப்ரலில் மஸ்க் ஒப்புக்கொண்டார்: அளவுக்கு மீறி இயந்திரமயமாக்கியது தவறு, துல்லியமாகச் சொன்னால் என் தவறு, மனிதர்களைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று.

இதைச் சொன்ன மனிதர் மேல் எனக்கு மரியாதை உண்டு. கோபம் அதற்குப் பிறகு நடந்ததில்தான்.

வாரம் 5,000 என்ற இலக்கை 2017 கடைசியிலிருந்து 2018 மார்ச் கடைசிக்கும், அங்கிருந்து ஜூன் கடைசிக்கும் தள்ளினார்கள். கவனியுங்கள், எல்லாமே 'கடைசி'. ஜூனில் ஆலைக்கு வெளியே, திறந்த இடத்தில் ஒரு பெரிய கூடாரம் போட்டு, மூன்று வாரத்தில் அதற்குள் ஒரு புது அசெம்ப்ளி லைனை இறக்கினார்கள். சாதனைதான், மறுக்க மாட்டேன். அந்த மாதத்தின் கடைசி வாரம் 5,031 மாடல் 3 கார்கள் வெளியே வந்தன. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி.

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை அவர்கள் தயாரித்த மாடல் 3 மொத்தம் 28,578. பதின்மூன்று வாரம். சராசரி வாரத்துக்கு 2,200-க்குச் சற்றுக் குறைவு. சரி, அது ஏறுமுகம், பழைய வாரங்களைச் சேர்க்கக் கூடாது என்பீர்கள். அடுத்த காலாண்டைப் பார்ப்போம்: 53,239. வாரத்துக்கு சுமார் 4,100. அதாவது 5,031 என்பது ஆலையின் வேகமே இல்லை, ஒரு வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிய ஓட்டம். தலைப்புச் செய்தி போட்டவர்கள் யாரும் அடுத்த திங்கட்கிழமை வாசலில் நின்று எண்ணவில்லை.

மூச்சைப் பிடித்து ஓடுவது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், எந்தத் தொழிற்பேட்டையிலும் எந்த உதிரிபாகக் கம்பெனியிலும் மாசக் கடைசியில் வந்து பாருங்கள். 25-ஆம் தேதி வரை சாவகாசமாகப் போன லைன் அப்புறம் பேய் பிடித்த மாதிரி ஓடும். 31-ஆம் தேதி இரவு பன்னிரண்டு அடிப்பதற்குள் இன்வாய்ஸ் போட்டாக வேண்டும். சரக்கு இன்னும் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் இருக்கும், லாரியோடு போக வேண்டிய இ-வே பில் தயாராகிவிடும். கேட்டுக்கு வெளியே போய்விட்டால் அது இந்த மாத விற்பனை. வாங்குகிற கம்பெனியின் ஸ்டோர்ஸில் அன்றைக்கு இறக்க மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். லாரி வண்டலூர் – வாலாஜாபாத் சாலையோரம் எங்கேயாவது ஒதுங்கி நிற்கும், டிரைவர் உள்ளேயே படுத்துத் தூங்குவார். எங்கள் கணக்கில் சரக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று. அவர்கள் கணக்கில் இன்னும் வரவே இல்லை. நடுவில் சாலையில் நிற்கிற அந்த லாரி இரண்டு கணக்கிலும் இல்லை.

டெஸ்லாவுக்கும் அதே லாரிதான் பிரச்சினை ஆனது, அளவு மட்டும் பெரிது. 2018 ஜூன் முடிந்தபோது 11,166 மாடல் 3 கார்கள் வாடிக்கையாளரை நோக்கிப் 'போய்க்கொண்டிருந்தன'. செப்டம்பரில், வண்டி வரவில்லை என்று புகார் சொன்ன ஒருவருக்கு மஸ்க் எழுதிய பதில் பிரபலம்: மன்னிக்கவும், உற்பத்தி நரகத்திலிருந்து டெலிவரி நரகத்துக்கு வந்துவிட்டோம், ஆனால் இது சமாளிக்கக்கூடியது. கார் ஏற்றும் டிரெய்லர்கள் போதவில்லை, நாங்களே டிரெய்லர் கட்டுகிறோம் என்றார். ஏற்கெனவே டெஸ்லா வைத்திருந்தவர்கள் டெலிவரி மையங்களுக்குச் சம்பளம் வாங்காமல் வந்து, புதிதாக வாங்குகிறவர்களுக்கு வண்டியை விளக்கிச் சொன்னார்கள். பலர் இதைக் கண்கலங்கப் பாராட்டினார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மூன்றரை லட்சம் ரூபாய் வண்டி விற்கிற கம்பெனியே டெலிவரிக்குச் சம்பளத்துக்கு ஆள் வைக்கிறது. அதைப்போலப் பத்து மடங்கு விலைக்கு விற்கிறவருக்கு என்ன கேடு?

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மற்றக் கார் கம்பெனிகளுக்கு டீலர் இருக்கிறார். மாசக் கடைசியில் ஆலையில் குவிந்ததை டீலரின் யார்டில் கொண்டுபோய் இறக்கிவிடலாம். கடனும் வட்டியும் அவர் தலையில். வாடிக்கையாளருக்குப் பதிவு செய்து, சாவி கொடுத்து, படம் எடுத்து அனுப்புவதும் அவர் பாடு. டெஸ்லாவுக்கு டீலரே கிடையாது, நேரடி விற்பனை. தரகர் இல்லை என்று பெருமையாகச் சொன்னபோது, தரகர் சுமந்த சுமை யார் தலையில் ஏறும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு காரும் ஒவ்வொரு ஆளிடம் நேராகப் போய்ச் சேர வேண்டும், காகிதங்களோடு.

தாமதம் ஆனால் என்ன, நாலு நாள் கழித்து வரட்டுமே என்பவர்களுக்கு: அமெரிக்காவில் மின்சாரக் காருக்கு இருந்த 7,500 டாலர் வரிச்சலுகை, டெஸ்லா வாங்குகிறவர்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் பாதியாகிவிட்டது. டிசம்பர் 31 அன்று சாவி வாங்கியவருக்கும் மறுநாள் வாங்கியவருக்கும் 3,750 டாலர் வித்தியாசம்.

அந்த ஜனவரி – மார்ச் காலாண்டுதான் உச்சம். முதல்முறையாக மாடல் 3 கடல் தாண்டி ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் போனது. காலாண்டின் தொடக்கத்தில் ஏற்றுமதிக் கார்களைக் கட்டிக் கப்பலேற்றுவது, பிறகு உள்ளூர்க் கார்களைக் கட்டுவது, எல்லாம் சேர்ந்து கடைசி வாரங்களில் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் கரை சேரும். அவர்களே கொடுத்த கணக்குப்படி, மார்ச் 21 வரை அந்தக் காலாண்டின் பாதிக் கார்களைத்தான் ஒப்படைத்திருந்தார்கள். மீதிப் பாதி பத்து நாளில். முந்தைய காலாண்டில் எல்லா மாடலும் சேர்த்துத் தொண்ணூறாயிரத்தைத் தாண்டிய டெலிவரி 63,000-க்கு இறங்கியது. ஆலை நிற்கவில்லை; 10,600 கார்கள் வழியில் இருந்தன.

ஒரு விஷயத்துக்காக டெஸ்லாவைப் பாராட்ட வேண்டும். கார் வாடிக்கையாளர் கைக்கு மாறி, காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே டெலிவரி என்று எண்ணுவோம் என்று ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதினார்கள். நாணயமான வரி. தயாரித்தது எத்தனை, ஒப்படைத்தது எத்தனை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால்தான் என்னைப் போன்றவன் இங்கே உட்கார்ந்து கணக்குப் போட முடிகிறது.

நம் நாட்டில் இந்த இரண்டு எண்ணும் இரண்டு இடத்திலிருந்து வரும். உற்பத்தியாளர்கள் சங்கமான சியாம் சொல்வது ஆலையிலிருந்து டீலருக்குப் போனது. டீலர்கள் சங்கமான ஃபாடா சொல்வது அரசின் வாகனப் பதிவுத் தளமான வாஹனில் பதிவானது. செய்தி படிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் கிருஷ்ணகிரி போச்சம்பள்ளி. 500 ஏக்கர், முழுத் திறனில் ஆண்டுக்கு ஒரு கோடி ஸ்கூட்டர், இரண்டு வினாடிக்கு ஒன்று என்று ஓலா எலெக்ட்ரிக் அறிவித்தபோது நானும் மகிழ்ந்தேன். நம்ம ஊர் ஆலை. 2021 ஜூலையில் 499 ரூபாய்க்கு முன்பதிவு, 24 மணி நேரத்தில் ஒரு லட்சம். ஆகஸ்ட் 15 அறிமுகம். முதல் நூறு பேருக்கு வண்டி கிடைத்தபோது டிசம்பர் 15 ஆகியிருந்தது. அவர்களுக்கும் டீலர் கிடையாது. டீலர் இல்லாததற்குக் கொடுத்த விலை 2025 பிப்ரவரியில் தெரிந்தது: கம்பெனி சொன்ன விற்பனை 25,000-க்கு மேல், வாஹனில் பதிவானது 9,000-க்கும் கீழே. பதிவு வேலை பார்க்கும் நிறுவனங்களோடு ஒப்பந்தத்தைத் திருத்திப் பேசிக்கொண்டிருக்கிறோம், அதனால் தாமதம் என்றார்கள். இருக்கலாம். ஆனால் நம்பர் பிளேட் இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்வார்? ஆர்டிஓ அலுவலக வரிசையும் அசெம்ப்ளி லைனின் ஒரு பகுதிதான். 2024–25 ஆண்டு முழுக்க அவர்கள் ஒப்படைத்தது மூன்றரை லட்சம் அளவில். ஒரு கோடியை அப்போது அறிவிக்காமல் இருந்திருந்தால் இது கௌரவமான எண்.

என்ன பேசினாலும் டெஸ்லா ஜெயித்ததே என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். ஜெயித்தது. 2023-இல் 18 லட்சம் கார் ஒப்படைத்தார்கள். ஆனால் எதை வைத்து? 2019 ஜனவரியில் ஷாங்காயில் அடிக்கல் நாட்டி, டிசம்பர் கடைசியில் முதல் கார்களைக் கொடுத்தார்களே, அங்கே அமைத்தது ஃப்ரீமாண்ட் லைனின் எளிமையாக்கிய, செலவு குறைந்த வடிவம். கார் விற்கிற கண்டத்திலேயே கார் கட்டுவது என்ற முடிவு. வீரம் ஓய்ந்த இடத்தில் வந்த வெற்றி அது. 2022 அக்டோபரில் அவர்களே எழுதினார்கள்: காலாண்டுக் கடைசி வாரங்களில் இவ்வளவு கார்களுக்கு நியாயமான விலையில் வாகனப் போக்குவரத்து கிடைப்பது கடினமாகிவிட்டது, இனி வாரவாரம் சீராகப் பிரித்துக் கட்டப் போகிறோம் என்று. முதல் 'நரகம்' முடிந்து நான்கு ஆண்டு கழித்து.

இந்த ஓட்டத்துக்கு விலை கொடுக்கிறவர்கள் பங்குச்சந்தையில் இல்லை. 5,031-க்காகக் கூடாரத்தில் ஆட்கள் வேர்த்துக்கொண்டிருந்த அதே ஜூன் மாதத்தில்தான் டெஸ்லா தன் ஊழியர்களில் சுமார் ஒன்பது சதவீதம் பேரைக் குறைப்பதாக அறிவித்தது. எங்கள் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மாசக் கடைசியில் இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து வேலை, அடுத்த மாசம் முதல் வாரம் லைனுக்கு ஆர்டர் இருக்காது, 'புதன்கிழமை வா' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். நாள்கூலிக்கு வருகிறவனுக்குத் திங்களும் செவ்வாயும் கூலி இல்லை.

அதனால் கம்பெனிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். மூன்று மாதத்துக்கு ஒரு எண் வேண்டாம். பதின்மூன்று வாரத்துக்கும் பதின்மூன்று எண் கொடுங்கள், தயாரித்தது ஒரு பத்தி, ஒப்படைத்தது ஒரு பத்தி என்று. கொடுக்க மாட்டார்கள். ஸ்கூட்டர், கார் எதுவானாலும் வாஹன் தளத்தில் பதிவுக் கணக்கை யாரும் பார்க்கலாம், காசு கிடையாது. முன்பதிவுப் பணம் கட்டும் முன் கம்பெனியின் விளம்பர எண்ணையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.