தண்ணீருக்காக வந்த ஸ்டேஷன்

மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவே இருக்கிற ஹில்குரோவில் ஊட்டி மலை ரயில் நின்றதும் எல்லோரும் போனோடு இறங்குகிறார்கள். எஞ்சினோடு ஒரு படம், குரங்கோடு ஒரு படம், ஒரு டீ. விசில் ஊதியதும் ஏறிவிடுகிறார்கள். சரி, ஆசையாக வருகிறவர்கள்தானே. ஆனால் ஆளரவமற்ற இந்தக் காட்டுக்குள் எதற்காக ஒரு ஸ்டேஷன் என்று யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை.

நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும், அதற்காகத்தான். 1899 ஜூனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் விட்டார்கள். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். 12 அடி போனால் ஓர் அடி ஏறுகிற அளவுக்குச் செங்குத்து. வெறும் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிவிடும் என்று நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டையைப் பதித்தார்கள். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து, மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மிகாமல், பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஏறும். பிரேக் போடப் பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார். இவ்வளவு மூச்சு வாங்கி ஏறுகிற எஞ்சின் ஒரே தொட்டித் தண்ணீரில் குன்னூர் போய்ச் சேருமா? ஹில்குரோவிலும் அதற்கு மேலே ரன்னிமேடு ஸ்டேஷனிலும் நின்று குடித்துவிட்டுத்தான் போகும். 1908இல் ஊட்டி வரை பாதை நீண்டது. குன்னூருக்கு மேலே பல் பட்டை கிடையாது, இப்போது டீசல் எஞ்சின்தான் இழுக்கிறது.

என் தாத்தா இந்த லைனில் கேங்மேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் விடியும் முன்னே கிளம்பிவிடுவார். மண் சரிந்திருக்கிறதா, பாறை உருண்டிருக்கிறதா என்று தண்டவாளத்தோடு நடந்தே பார்க்க வேண்டும். அவர் திரும்பி வரும்வரை பாட்டி அடுப்படியை விட்டு நகர மாட்டார். 2009 நவம்பரில் மலை சரிந்து பாதை பெயர்ந்து கிடந்தபோதும், கல்லையும் மண்ணையும் அள்ளி ரயிலை மறுபடி ஓடவைத்தது இப்படிப்பட்ட கைகள்தான்.

2005இல் இந்த ரயிலை யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது நானும் பூரித்துப்போனேன். அந்தப் பெருமையில் இவர்களுக்கும் பங்கு வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். சுவிட்சர்லாந்தில் செய்த எஞ்சின் என்று எல்லோருக்கும் தெரிகிறது. அந்த எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்தவரை, பாதையில் நடந்தவரைப் பற்றிச் சொல்ல ஆளில்லை. ஹில்குரோவிலும் ரன்னிமேட்டிலும், மூடிப்போன அடர்லி ஸ்டேஷனிலும் அவர்கள் வேலையைப் பற்றித் தமிழில் நாலு வரி எழுதி வைக்க வேண்டும். வேலை பார்த்தவர்களில் வயதானவர்கள் இன்னும் குன்னூரில் இருக்கிறார்கள். இப்போதே போய்க் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

ஹில்குரோவில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைப்பதாக இருந்தால் சொல்லுங்கள். தாத்தா மழைக்குப் போட்டுப்போன கம்பளிக் கோட்டு எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. கொண்டுவந்து தருகிறேன்.