பிப்ரவரி பிரசங்கத்துல முன் பெஞ்சுல உக்காந்திருக்கிற பெத்தவங்களுக்கு ஒரு வசனம்கூட இல்லையா?

எங்க திருநெல்வேலிப் பக்கம் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சர்ச்சுகள்ல பிப்ரவரி வந்தா ரெண்டு விஷயம் சேர்ந்து நடக்கும். ஒண்ணு ஓலை வாசிக்கிறது. லெந்து நாள், அதான் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், தொடங்கிட்டா கல்யாணம் வைக்கமாட்டோம்ங்கிறதால அது ஆரம்பிக்கிற சாம்பல் புதனுக்கு முன்னாடி முடிச்சிரணும்னு எல்லா வீட்டுலயும் ஓட்டம், இந்த வருஷம் 18ஆம் தேதியே சாம்பல் புதன், அதனால ஜனவரியில இருந்தே ஞாயித்துக்கிழமை அறிவிப்பு நேரத்துல இன்னாரோட குமாரனுக்கும் இன்னாரோட குமாரத்திக்கும்னு மூணு வாரம் வாசிச்சு, யாருக்காவது தடை தெரிஞ்சா சொல்லுங்கன்னு போதகர் ஐயா கேட்டுட்டு ஒரு நிமிஷம் நிறுத்துவாங்க. இன்னொண்ணு, 14ஆம் தேதியை ஒட்டி வாலிபர்களுக்கு காதலைப் பத்தின பிரசங்கம், இல்லேன்னா சாயங்காலம் பாரிஷ் ஹால்ல ஸ்பெஷல் மீட்டிங்.

நான் சண்டே ஸ்கூல்ல படிக்கிற காலத்துல இருந்து இந்த பிரசங்கத்தை கேட்டு வளந்தவ. இப்போ 39 வயசு. ஐயர்மார் (போதகர்களை நாங்க அப்படித்தான் சொல்லுவோம்) மாறி மாறி வந்தாலும் பிரசங்கம் மாறல. சிம்சோன் தெலீலாள் மடியில படுத்து கண்ணை இழந்தான். தாவீது ராஜா மகன் அம்னோன், வேற தாய்க்குப் பிறந்த தங்கச்சி தாமாரை நேசிச்சான், அப்புறம் வெறுத்தான், பாத்தீங்களா இதுதான் உலகக் காதல். அந்நிய நுகத்திலே பிணைக்கப்படாதிருங்கள், அதாவது பொருந்தாதவங்களோட சேராதீங்க. ஆபிரகாம் தன் ஊழியக்காரனை அனுப்பி ஈசாக்குக்கு பொண்ணு பாத்தாரு, அதனால தாய் தகப்பன் பாக்கிறதுதான் தேவசித்தம். கடைசியா எல்லாரும் கண்ணை மூடுங்க, தப்பான சிநேகத்துல இருக்கிறவங்க கையை மட்டும் உயர்த்துங்க, யாரும் பாக்கமாட்டாங்க.

இதுல அம்னோன் விஷயம் எனக்கு ரொம்ப நாள் வயித்தெரிச்சல். 2 சாமுவேல் 13ஐ எடுத்து பொறுமையா வாசிச்சுப் பாருங்க, அது காதல் கதையே இல்ல, பலாத்காரம். அந்தப் பிள்ளை "வேண்டாம், என் சகோதரனே, என்னை அவமானப்படுத்தாதே"ன்னு வாய்விட்டு கெஞ்சுது. அதை 15, 16 வயசுப் பிள்ளைங்க முன்னாடி காதலுக்கு உதாரணம்னு சொன்னா, அங்க உக்காந்திருக்கிற பொம்பளப் பிள்ளை என்ன புரிஞ்சுக்கும், ஆம்பளப் பிள்ளை என்ன புரிஞ்சுக்குவான்? அதே அதிகாரத்துல தாவீது ராஜா இதைக் கேள்விப்பட்டு வெகு கோபமாயிருந்தான்னு ஒரு வசனம் வருது, கோபப்பட்டான், அவ்ளோதான், மகனை ஒண்ணும் கேக்கல, மகளுக்கு நியாயம் செய்யல, அவ அண்ணன் அப்சலோம் வீட்டுல தனியா கிடந்தா. அந்த தகப்பனைப் பத்தி ஒரு பிரசங்கம் இதுவரைக்கும் நான் கேக்கல.

இப்போ நான் பாத்த ஒரு விஷயத்தை சொல்றேன். 2014 பிப்ரவரி 16, ஞாயித்துக்கிழமை. நான் அப்போ வாலிபர் ஐக்கியத்துல செக்ரட்டரி. சாயங்காலம் பாரிஷ் ஹால்ல மீட்டிங், தலைப்பு பரிசுத்த காதல், ஆம்பளப் பிள்ளைங்க இந்தப்பக்கம் பொம்பளப் பிள்ளைங்க அந்தப்பக்கம் பாய்ல, பெத்தவங்க கொஞ்சப்பேர் பின்னாடி சேர்ல. கேள்வி இருந்தா பேர் போடாம சீட்டுல எழுதிக் குடுங்கன்னு சொன்னோம், பெட்டி எதுவும் இல்ல, அதனால காணிக்கைப் பையவே எடுத்துட்டு நான் வரிசை வரிசையா போய் வாங்குனேன். ஐயா ஒவ்வொண்ணா பிரிச்சு பதில் சொன்னாங்க. காதலிக்கிறதே பாவமா? ராத்திரி போன் பேசலாமா? எல்லாரும் சிரிச்சாங்க, ஐயாவும் சிரிச்சு நல்லாவே பதில் சொன்னாங்க. அடுத்து ஒரு சீட்டு, கோடு போட்ட நோட்டுல கிழிச்சது. பிரிச்சாங்க, வாசிக்கல. மறுபடி ஒருதடவை கண்ணை ஓட்டுனாங்க. நாலா மடிச்சு பைபிளுக்குள்ள வச்சுட்டு, "இது பெரியவங்களோட தனியா பேச வேண்டிய காரியம், நேரமும் ஆயிட்டு, ஜெபம் பண்ணிருவோம்"னாங்க.

பக்கத்துல பையைப் பிடிச்சுட்டு நின்ன எனக்கு அந்த சீட்டு தெரிஞ்சுது. "ரெண்டு பேரும் ரட்சிக்கப்பட்டவங்க. ரெண்டு வீட்டுலயும் தினமும் குடும்ப ஜெபம் உண்டு. சாதி மட்டும் வேற. இதுவும் அந்நிய நுகமா ஐயா?"

கையெழுத்தும் தெரிஞ்சுது. எங்க சித்தி மகளோடது. மீட்டிங் முடிஞ்சு டீ குடுக்கும்போது என் பக்கத்துல வந்து நின்னா, ஒண்ணும் பேசல, டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு பாய் சுருட்டுறதையே பாத்துட்டு இருந்தா. நானும் கேக்கல. அதை நினைச்சு இன்னைக்கும் வருத்தப்படுறேன், அன்னைக்கே நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.

அந்த ஐயா கெட்டவங்க இல்ல. எங்க அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப கொட்டுற மழையில வந்து ஜெபம் பண்ணிட்டுப் போனவங்க. அவங்களுக்கு பதில் தெரியாம இல்ல. கலாத்தியர் 3ல "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை, ஆணென்றும் பெண்ணென்றுமில்லை"னு இருக்கே, அது தெரியாத ஐயர் உண்டா? அந்நிய நுகம்னு பவுல் சொன்ன வசனத்துல "அவிசுவாசிகளுடன்"னு தெளிவா இருக்கு, சாதி பேச்சே இல்ல, ரெண்டு பேரும் விசுவாசின்னா அந்த வசனத்துக்கு அங்க வேலையே இல்ல. ஆனா அதை வாய் திறந்து சொன்னா பின்னாடி சேர்ல உக்காந்திருந்தவங்க மறுநாளே சபைக் கமிட்டியில பேசுவாங்க. அதுக்கு பயந்து அந்த சீட்டு மடிஞ்சுது.

2016ல அந்த சித்தி மகளோட கல்யாணம் நடந்துச்சு. சர்ச்சுல இல்ல. ரெண்டு வீட்டு சம்மதம் இல்லாம ஓலை வாசிக்க முடியாது, கமிட்டியில பிரச்சனை ஆகும்னு சொல்லிட்டாங்க. அப்புறம் 1954 தனித் திருமணச் சட்டத்துல எழுதிக் குடுத்து, மூணு ஞாயிறு சபையில வாசிக்க வேண்டிய பேரு ரெண்டும் ரிஜிஸ்டர் ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல 30 நாள் தொங்குச்சு. ஞானஸ்நானம் எடுத்து, திடப்படுத்தல் (சபையில முழு அங்கமாகுற சடங்கு) எடுத்து, பாடகர் குழுவுல பாடுன ரெண்டு பிள்ளைங்க, ஒரு ஜெபம் இல்லாம கையெழுத்து போட்டுட்டு வெளிய வந்தாங்க. சாட்சிக் கையெழுத்துல ஒண்ணு என்னோடது.

அவளோட அப்பா, எங்க சித்தப்பா, அன்னைக்கு சொன்னது ஈசாக்கு ரெபெக்காள் கதையைத்தான். சரி, அந்த ஆதியாகமம் 24ஐயே முழுசா வாசிப்போம். ஊழியக்காரன் கிணத்தடியில என்ன பாத்தான்? தனக்கும் தண்ணி குடுத்து ஒட்டகத்துக்கும் தண்ணி வார்க்கிற மனசைப் பாத்தான். ஆபிரகாம் தன் இனத்துல பாக்கச் சொன்னாரேம்பாங்க, ஆமா சொன்னாரு, ஆனா புதிய ஏற்பாட்டுச் சபைக்கு நம்ம இனம் எது, கிறிஸ்துவுக்குள்ள இருக்கிறவங்கதானே? அப்புறம் நகை. அரைச்சேக்கல் பொற்காதணி, பத்துச்சேக்கல் எடையில ரெண்டு கடகம், அதெல்லாம் போட்டது யாரு? மாப்பிள்ளை வீடு! பொண்ணுக்கும், அவ அண்ணனுக்கும் தாய்க்கும்கூட அந்தப் பக்கத்துல இருந்துதான் போச்சு. இந்த அதிகாரம்தான் நமக்கு மாதிரின்னா, பவுன் விக்கிற விலையில இன்னைக்கு பொண்ணு வீட்டுல எத்தனை பவுன், என்ன கார், ரொக்கம் எவ்வளவுன்னு பேசுறது எந்த வசனத்துல இருந்து வந்துச்சு? 1961லயே வரதட்சணை தடைச் சட்டம் வந்தாச்சு, வாங்குறதும் குத்தம் குடுக்கிறதும் குத்தம். வேலைக்குப் போற பையனுக்கு ரேட் பேசிட்டு, அந்த வாரமே முதல் பெஞ்சுல உக்காந்து பாமாலை பாடுறோம்.

அதே அதிகாரத்துல எல்லாரும் தாண்டிப் போற ரெண்டு வசனம் இருக்கு, 57உம் 58உம். எல்லாம் பேசி முடிச்ச பிறகும் "பெண்ணை அழைத்து, அவள் வாய்ப்பிறப்பைக் கேட்போம்"கிறாங்க. இந்த மனுஷனோட போறியான்னு கேக்காங்க. அவ "போகிறேன்"ங்கிறா. எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முந்தின வீட்டுல பொண்ணுகிட்ட கேட்டிருக்காங்க.

இந்த வசனத்தை வச்சு ஒரு பிரசங்கம் என் வாழ்க்கையில ஒரே ஒருதடவை கேட்டேன். 2022ல கோயம்புத்தூருக்கு தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்ப, அவங்க போற சபையில. வயசான ஒரு குருவானவர், ரிட்டயர் ஆகப் போறவர். வாலிபர்களே நீங்க உக்காந்திருங்க, கல்யாண வயசுல பிள்ளை இருக்கிற தாய் தகப்பன்மார் மட்டும் எழுந்து நில்லுங்கன்னார். சர்ச்சுல பாதிப்பேர் எழும்பி நின்னாங்க. உங்க பிள்ளைகிட்ட சம்மதமான்னு கேட்டு, அது இல்லைன்னு சொன்னப்ப, சரிம்மான்னு விட்டுக் குடுத்தவங்க மட்டும் உக்காருங்கன்னார். ஃபேன் சத்தம்தான் கேட்டுச்சு. ஒரு அம்மா மட்டும் உக்காந்தாங்க. அவர் யாரையும் திட்டல, அவங்க நிக்கும்போதே 1 கொரிந்தியர் 13ஐ மெதுவா வாசிச்சார், "அன்பு தற்பொழிவை நாடாது", அதாவது தன் நலத்தைத் தேடாதுங்கிற இடத்துல கொஞ்சம் நிறுத்தி அதை ரெண்டாவது தடவையும் வாசிச்சார். என் பக்கத்துல தங்கச்சி குனிஞ்சு மடியில இருந்த பிள்ளை முடியை ஒதுக்கிட்டே இருந்தா, கண்ணு முழுக்க தண்ணி.

2014ல நம்ம பாரிஷ் ஹால்ல அந்த சீட்டு மடிக்கப்பட்டதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான், பிப்ரவரி 14ஆம் தேதி, போப் பிரான்சிஸ் ரோம்ல புனித பேதுரு சதுக்கத்துல ஆயிரக்கணக்கான நிச்சயம் பண்ணின ஜோடிகளை வரவச்சு பேசினார். நாங்க ப்ராட்டஸ்டன்ட்தான், ஆனாலும் அதைப் பின்னாடி வாசிச்சப்ப மனசுல நின்னுட்டு. ஜோடிங்க கேள்வி கேட்டாங்க, அவர் எல்லார் முன்னாடியும் பதில் சொன்னார். வீட்டுக்குள்ள மூணு வார்த்தை வேணும்னார், செய்யலாமா, நன்றி, மன்னிச்சிரு. சண்டை போட்டாலும் சமாதானம் ஆகாம அன்னைய நாளை முடிக்காதீங்கன்னார். எவ்ளோ எளிசு பாருங்க. கல்யாணம் ஆகி 12 வருஷம் ஆன எனக்கு அந்த மூணு வார்த்தை உதவின அளவுக்கு சிம்சோன் கதை உதவல.

சாதியைப் பத்தி சபையில பேசினா சபை உடைஞ்சிரும்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 1833லயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் தென்னிந்திய சபைகளுக்கு எழுதினார், சாதி வேறுபாட்டை உறுதியா, உடனே, ஒரேயடியா விட்டுரணும்னு. வேப்பேரியிலயும் தஞ்சாவூர்லயும் நிறையப்பேர் கோவிச்சுட்டு வெளிய போனாங்க, உண்மைதான். ஆனா சபை அழிஞ்சா போச்சு? கிட்டத்தட்ட 200 வருஷம் ஆகப்போவுது, இன்னும் வரன் விளம்பரத்துல சிஎஸ்ஐன்னு போட்டு பக்கத்துலயே சாதிப்பேரும் போடுறோம். அசனப் பண்டிகையில ஒரே அண்டாவுல வடிச்ச சோறு, ஒரே கறி, எல்லாரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து சாப்பிடுறோம், அதை பெருமையா போட்டோ போடுறோம். இலை எடுத்த பிறகு சம்பந்தம்னு பேச்சு வந்தா மட்டும் அவங்க வேற நாம வேற.

பேசாம விட்டா எங்க போய் நிக்கும்னு நம்ம செங்கோட்டை மலையைத் தாண்டினா தெரியும். 2018 மே மாசம் கோட்டயத்துல கெவின் ஜோசப்னு ஒரு தலித் கிறிஸ்தவ பையன், அவன் விரும்பின நீனுவும் கிறிஸ்தவப் பொண்ணுதான். அவ அண்ணன் ஆள் கூட்டிட்டு வந்து கடத்திட்டுப் போனான், தென்மலைப் பக்கம் ஆத்துல உடம்பு கிடைச்சுது. 2019 ஆகஸ்ட்ல கோட்டயம் செஷன்ஸ் கோர்ட் இது ஆணவக்கொலைன்னு சொல்லி 10 பேருக்கு இரட்டை ஆயுள் தண்டனை குடுத்துச்சு. ரெண்டு பக்கமும் இயேசுவைக் கும்பிடுறவங்கதான். இந்தத் தீர்ப்பைப் பத்தி நம்ம பக்கத்து பிரசங்கத்துல ஒரு வார்த்தை நான் கேக்கல, அந்த வருஷமும் சிம்சோன்தான்.

ஐயர்மாரே, உங்க மேல மரியாதை வச்சே கேக்கேன், வேதத்துல வசனம் இல்லாமலா இருக்கு? எண்ணாகமம் 12ஐ எடுங்க. மோசே எத்தியோப்பியா தேசத்துப் பொண்ணை கட்டிக்கிட்டதுக்காக மிரியாமும் ஆரோனும் விரோதமா பேசினாங்க. தேவன் யாரைக் கூப்பிட்டுக் கண்டிச்சார்? மோசேயையா? பேசினவங்களைத்தான். உன்னதப்பாட்டு 8ஐ எடுங்க, "திரளான தண்ணீர்கள் நேசத்தை அவிக்கமாட்டாது"ன்னு பத்திரிகையில அச்சடிக்கிறோமே, அதே வசனத்துல அடுத்து என்ன வருது, ஒருத்தன் வீட்டு ஆஸ்தியெல்லாம் நேசத்துக்காக குடுத்தாலும் அது அசட்டை பண்ணப்படும்னு வருது, வரதட்சணைக்கு அதுக்கு மேல என்ன சொல்லணும்? மனைவிகளே கீழ்ப்படியுங்கள்னு எபேசியர் 5:22ஐ எடுக்கிற நீங்க, அதுக்கு ஒரு வசனம் முன்னாடி "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்"னு இருக்கிறதையும் சேர்த்து வாசிங்க.

எங்க சித்தப்பா இன்னும் மககிட்ட பேசல. சித்தி மட்டும் பேத்தி ஞானஸ்நானத்துக்கு யாருக்கும் சொல்லாம பஸ் ஏறிப் போயிட்டு வந்தாங்க.

இந்த வருஷம் 14ஆம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் வாலிபர் கூட்டம் வச்சிருக்கோம். இப்போ வந்திருக்கிற ஐயா இளவயசு. போன வாரம் அவங்க வீட்டுக்குப் போய் இந்த சீட்டு கதையை முழுசா சொன்னேன், கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க, அப்புறம் பெத்தவங்களையும் கட்டாயம் வரச்சொல்லி அறிவிப்பு குடுத்திருவோம்க்கா, வர்ற சீட்டு அத்தனையும் நான் சத்தமா வாசிக்கேன்னாங்க. காணிக்கைப் பையை எடுத்துட்டு வரிசையில போறது நான்தான். பின்னாடி சேர் வரைக்கும் போவேன், பெத்தவங்களுக்கும் ஆளுக்கொரு சீட்டும் பேனாவும் உண்டு.