பிள்ளையின் போனுக்கு மிரட்டல் வந்தால் அந்த ராத்திரியே செய்ய வேண்டியது: தோட்டத்துக்குப் போய்வரும் குடும்பங்களுக்கு

கம்பம், கூடலூர், தேவாரம், போடி பக்கமிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். தோட்டத்துக்குள் பல இடங்களில் டவர் எடுக்காது. அந்த நேரம் முழுக்க வீட்டில் இருக்கும் பிள்ளையின் கையில் அம்மாவின் பழைய போன் இருக்கிறது. மேலே வண்டிப்பெரியாறு, பீர்மேடு, மூணாறு லயங்களிலும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலும்) இதேதான். அப்பாவும் அம்மாவும் கொழுந்துக் காட்டில், பிள்ளை போனோடு.

இப்படி ஒரு பிள்ளைக்கு "உன் படம் என்கிட்ட இருக்கு, சொன்னதைச் செய், இல்லேன்னா எல்லாருக்கும் அனுப்பிருவேன்" என்று மிரட்டல் வந்தால், வீட்டில் முதலில் எழும் கேள்வி எந்த ஸ்டேஷனுக்குப் போவது என்பதுதான். சிம் கேரளத்தின் இடுக்கியில் வாங்கியது, அதுவும் சூப்பர்வைசர் பெயரில். வீடு தேனி மாவட்டம். மிரட்டுகிறவன் எந்த ஊர் என்றே தெரியாது. இந்தக் குழப்பத்திலேயே இரண்டு மூன்று நாள் கரைந்துவிடுகிறது. அதற்குள் அவன் அனுப்பியதை அழித்து, கணக்கின் பெயரையும் மாற்றிவிடுகிறான். மாநில எல்லை என்பது போலீஸ் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். சட்டம் அதைக் குடும்பத்தின் தலையில் வைக்கவே இல்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர் என்பது இதுதான். கூடலூரில் கொடுத்தாலும் சரி, குமுளியில் கொடுத்தாலும் சரி, பதிந்தாக வேண்டும். உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பிவைப்பது அவர்கள் வேலை. போன் மிரட்டலில் பெரும்பாலும் அதற்குக்கூட அவசியமில்லை. குற்றத்தின் விளைவு ஏற்பட்ட இடத்திலும் வழக்கு நடத்தலாம் என்பதால், மிரட்டல் வந்து சேர்ந்த உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கே அதிகாரம் உண்டு. "இது சைபர் கேஸ், ஜில்லா ஆபீஸுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களை இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்த விதி விசாரணைக்கானது. அதைக் காட்டிப் புகாரை வாங்காமல் இருக்க முடியாது. மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரவு எந்நேரமானாலும் எடுப்பார்கள். எல்லை டவரால் அழைப்பு அடுத்த மாநிலத்துக்குப் போய்விட்டாலும் வைத்துவிடாதீர்கள். ஊர் பெயர், மாவட்டம், பிள்ளையின் வயது, இந்த நிமிடம் ஆபத்து உண்டா என்பது, இந்த நான்கையும் சொல்லுங்கள்.

இனி போன். கோபத்தில் போனைப் பிடுங்கி உடைப்பதும், அவமானத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ரீசெட் போடுவதும்தான் கேஸை அதிகமாகக் கெடுக்கிற காரியங்கள். முதல் வேலை ஸ்கிரீன்ஷாட். மிரட்டல் செய்திகள் தேதி, நேரத்தோடு தெரிய வேண்டும். வாட்ஸ்அப் என்றால் அவன் பெயரைத் தொட்டு உள்ளே போய் முழு நம்பரும் தெரியும்படி எடுங்கள். இன்ஸ்டாகிராம் என்றால் அவனுடைய புரொஃபைல் பக்கம், யூசர்நேம் எழுத்துக்கு எழுத்து, சில கணக்குகளில் தெரியும் 'இந்தக் கணக்கைப் பற்றி' என்ற பகுதி. பணம் கேட்டிருந்தால் யூ.பி.ஐ ஐடி, க்யூஆர் படம். வாட்ஸ்அப்பில் ஒருவன் அனுப்பியதை இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரம் வரை இரு பக்கத்திலும் அழிக்க முடியும். இன்ஸ்டாகிராமில் அந்த வரம்புகூடக் கிடையாது. அதனால்தான் அந்த ராத்திரியே என்று சொல்கிறோம். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அழுத்தும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பிளாக் செய்து சாட்டையும் நீக்கும் தேர்வு அதோடு சேர்ந்தே வரும். அவசரத்தில் அதற்கு ஒப்புக்கொண்டால் உங்கள் பக்கச் சாட்சியமே போய்விடும். ஸ்கிரீன்ஷாட் முடிந்த பிறகு பிளாக் மட்டும் செய்யுங்கள், எதையும் நீக்காதீர்கள்.

ஒரு முறை மட்டும் பார்க்கும்படி வரும் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது. அதில் இருப்பது மிரட்டல் என்றால் வேறு போனால் திரையைப் படம் எடுக்கலாம். பிள்ளையின் அந்தரங்கப் படமாக இருந்தால் எடுக்கவே கூடாது. சித்தப்பாவுக்குக் காட்ட, வக்கீலுக்குக் காட்ட, ஏட்டையாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்ப என்று அந்தப் படத்தை ஃபார்வர்ட் செய்வது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவுக்கும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவுக்கும் உங்களையே கொண்டுபோய் நிறுத்தலாம். படம் இருக்கும் போனில் இருக்கிறபடியே இருக்கட்டும். போனைத்தான் ஒப்படைக்க வேண்டும். கொடுக்குமுன் *#06# அடித்து, அந்தப் போனின் தனி அடையாளமான ஐ.எம்.இ.ஐ எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் எழுதும் பறிமுதல் மகஜரில் (எடுத்துக்கொண்ட பொருளின் பதிவில்) அதே எண் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

போனைக் கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய இன்னொன்று, டேக் இட் டவுன். அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023இல் தொடங்கிய இலவச இணையச் சேவை அது. பெயர் சொல்ல வேண்டாம், படத்தையும் பதிவேற்ற வேண்டாம். போனிலேயே படத்திலிருந்து ஹேஷ் என்ற ஓர் அடையாள எண் உருவாகும். அந்த எண் மட்டும் அவர்களுக்குப் போகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் உள்ளிட்ட பங்கேற்கும் தளங்கள் அதே எண் வரும் படத்தைத் தடுக்கும். 18 வயதுக்குள் எடுத்த படமாக இருந்தால் போதும். இதற்கு எல்லைகள் உண்டு. வாட்ஸ்அப் போன்ற மறையாக்கப்பட்ட உரையாடலுக்குள் இது வேலை செய்யாது. படத்தை வெட்டினாலோ அதன்மேல் எழுதினாலோ எண் மாறிவிடும் என்பதால் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனியாகச் செய்ய வேண்டும். இது முடிந்த பிறகு போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். அப்புறம் அவன் அங்கிருந்து எதை அழித்தாலும் இந்தப் போனுக்கு வந்து சேராது.

பணம் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் நிற்காது, 500 கேட்டவன் அடுத்த நாள் 5,000 கேட்பான், ஏனென்றால் இந்த வீட்டில் பயமும் பணமும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டான். ஏற்கெனவே கொடுத்திருந்தால் உடனே சைபர் பண மோசடி உதவி எண்ணான 1930க்கு அடித்து, யூ.பி.ஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டுமுன் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். ஆனால் பெயரில்லாப் புகாரின் நிலவரத்தைப் பின்தொடர முடியாது. உங்கள் பிள்ளையின் கேஸ் என்றால் பெயரோடு பதிவதே நல்லது.

"ரெண்டு மூணு மாசம் ஆச்சு, இனி எதுக்கு?" என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. விடாதீர்கள். ஒருவன் கணக்கையே மூடிவிட்டுப் போனாலும் அவனுடைய பதிவுத் தகவலைத் தளங்கள் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. தாமதமான புகாரும் புகார்தான். ஆனால் அந்த 180 நாளில் போலீஸ் கடிதம் போய்ச் சேரவும் நேரம் வேண்டும்.

படம் உண்மையானதே இல்லை, பள்ளி குரூப் போட்டோவிலிருந்து முகத்தை எடுத்து ஆப்பில் செய்தது என்றாலும் குற்றம் குற்றம்தான். 2019இல் திருத்தப்பட்ட போக்சோ, கணினியில் உருவாக்கிய, மாற்றியமைத்த படங்களையும் சேர்த்தே சொல்கிறது. அப்படி ஒரு படத்தைப் பரப்புவேன் என்று மிரட்டுவதும் 11ஆம் பிரிவில் வருகிறது. 3 ஆண்டு வரை சிறை. "அவளே அனுப்பினதுதானே" என்ற பேச்சுக்கு 18 வயதுக்குக் கீழ் சட்டத்தில் மதிப்பில்லை. மிரட்டியவனும் அதே பள்ளியில் படிக்கும் 16 வயதுப் பையனாக இருந்தால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். இதைத் தெரிந்துகொண்டால், "சின்னப் பையன், வாழ்க்கை போயிரும்" என்று புகாரை அமுக்குவதற்குக் காரணம் இருக்காது.

அமுக்குவது என்று வந்ததால் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் பெரிய நோய் அதுதான். சாதிப் பெரியவர்கள், தோட்டத்தில் கங்காணி, வார்டு ஆள், எல்லோரும் கூடி உட்கார்ந்து, "பேசி முடிச்சிருவோம், பொம்பளப் புள்ள பேரு கெட்டுரும்" என்பார்கள். போக்சோ வழக்கில் சமரசத்துக்கு இடமே கிடையாது. குழந்தைக்கு எதிரான இத்தகைய குற்றத்தின் வழக்கைச் சமரசத்தைக் காட்டி ரத்துசெய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதைவிட முக்கியம், குற்றம் நடந்தது தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாத பெரியவர் எவருக்கும் 21ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை உண்டு. தனக்குக் கீழ் வேலைசெய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஒரு வருடம் வரை. பஞ்சாயத்துப் பேச வருகிற அண்ணன்களிடம் இதை மரியாதையாகவே சொல்லலாம்: "அண்ணே, இது உங்களுக்கும் கேஸாயிரும்." நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர்மீது வழக்குப் போட முடியாது என்பதையும் 19ஆம் பிரிவு சேர்த்தே சொல்கிறது. டீச்சர், ஜீப் டிரைவர், பக்கத்து லயத்து அக்கா, யார் சொன்னாலும் பாதுகாப்பு உண்டு.

போனில் தொடங்கியது நேரில் தொட்டதில் முடிந்திருந்தால் வரிசை மாறும். முதலில் ஆஸ்பத்திரி. எஃப்.ஐ.ஆர் இருந்தால்தான் பார்ப்போம் என்று எந்த மருத்துவமனையும் சொல்லக் கூடாது. 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் அதைத் தடுக்கின்றன. குளிக்க வைக்காதீர்கள். துணியைத் துவைக்காதீர்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கி மாதிரி கெட்டுவிடும். காகித உறையிலோ பழைய செய்தித்தாளிலோ, ஒவ்வொரு துணியையும் தனித்தனியாக மடித்து வையுங்கள். 72 மணி நேரத்துக்குள் போவது சாட்சியத்துக்கு மட்டுமல்ல, எச்.ஐ.வி தடுப்பு மருந்துக்கும் கர்ப்பத்தடை மாத்திரைக்கும் அவசியம். பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும்.

வண்டிப்பெரியாறு லயம் ஒன்றில் 2021 ஜூன் 30 அன்று பாலியல் வன்முறைக்கு ஆளாகி உயிரிழந்த ஆறு வயதுக் குழந்தையை இந்த மலையில் யாரும் மறந்திருக்க முடியாது. 2023 டிசம்பரில் கட்டப்பனை நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவரை விடுவித்தது. சாட்சியம் சேகரித்ததில் இருந்த குறைகளைத் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. போலீஸ் வேலையைக் குடும்பம் செய்ய முடியாது. ஆனால் எது, எப்போது, எப்படி எடுக்கப்பட வேண்டும் என்று தெரிந்த குடும்பம் அங்கேயே நின்று கேட்க முடியும்.

கேரளப் பக்கத்து ஸ்டேஷனில் மொழி ஒரு தடை. புகாரைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். பிள்ளைக்குப் புரியாத மொழியில் வாக்குமூலம் எழுதப்பட்டால் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்று போக்சோவே சொல்கிறது. எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. மலையாளத்தில் இருந்தால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். பிள்ளை ஸ்டேஷனுக்கு வர வேண்டியதில்லை. வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல், கூடியவரை பெண் எஸ்.ஐ வந்து எழுத வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது.

இவ்வளவையும் செய்யும் அந்த ராத்திரியில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். அடிக்காதீர்கள். வீட்டில் தெரிந்தால் அடி விழும் என்ற பயத்தை வைத்துத்தான் அவன் மிரட்டியதே. "நீ சொன்னது நல்லதாப் போச்சு, இனி நாங்க பாத்துக்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளுங்கள். பையன்களுக்கும் இதே நிலைமைதான். பெண் பெயரில் வந்து வீடியோ காலில் பதிவுசெய்து மிரட்டுவது பையன்களிடம் அதிகம். அவர்கள் கடைசிவரை வாய் திறப்பதில்லை. பிள்ளை தன்னை முடித்துக்கொள்வதாகப் பேசினால் 14416க்கு அடியுங்கள். அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். தமிழிலும் பேசுவார்கள்.

முன்கூட்டியே செய்யக்கூடியதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பிள்ளை பயன்படுத்துவது அம்மாவின் நம்பர், அம்மாவின் கூகுள் கணக்கு. இன்ஸ்டாகிராமில் பிறந்த வருடம் பொய். ஆகவே 18 வயதுக்குக் கீழே தானாக வரும் பாதுகாப்பு அமைப்பு எதுவும் அந்தப் போனில் வேலை செய்வதில்லை. உண்மையான பிறந்த தேதியில் கணக்கைப் புதிதாகத் தொடங்கிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் புரொஃபைல் படம், குரூப்பில் சேர்க்கும் அனுமதி இரண்டையும் 'என் தொடர்புகள்' என்று மாற்றுங்கள். கேமில் டைமண்ட் தருகிறேன் என்று சொல்லி டெலிகிராமுக்கு வரச் சொல்பவன் யாராக இருந்தாலும் அங்கேயே நிறுத்த வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணான 14417ஐயும் நோட்டில் எழுதிக் கொடுங்கள்.

எஃப்.ஐ.ஆர் போட்ட 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கே போகும்போது இரண்டு விஷயங்களை வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காமல் பெரும்பாலும் வராது. ஒன்று, வழக்கு முடியும்வரை கூடவே வரும் ஆதரவு நபர். தமிழ் தெரிந்தவராக வேண்டும் என்று சொல்லுங்கள். இன்னொன்று, உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைக்கான சிறப்பு நிவாரணம். குழு பரிந்துரைத்தால் அது ஒரு வாரத்துக்குள் கிடைக்க வேண்டும். கூலியை விட்டுவிட்டு மலை ஏறி இறங்கும் ஜீப் செலவை இதில் சேர்த்து எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.