எந்தோரில் வந்தது பிசாசு என்று பைபிள் சொல்கிறதா?

"பண்டைய இஸ்ரவேலில் யாரும் இறந்தவர்களிடம் குறி கேட்டதே இல்லை, எந்தோரில் சவுலிடம் பேசியது பிசாசு என்று பைபிளே சொல்கிறது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

1 சாமுவேல் 28-ஐத் திறந்து பாருங்கள். பெலிஸ்தர் படையைக் கண்டு நடுங்கிய இஸ்ரவேல் ராஜா சவுல், வேஷம் மாறி, இரண்டு பேரோடு இரவில் எந்தோர் என்ற ஊரில் அஞ்சனம் பார்க்கிற, அதாவது இறந்தவர்களை எழுப்பிக் குறி சொல்லும், பெண்ணிடம் போய், இறந்துபோன தீர்க்கதரிசி சாமுவேலை எழும்பி வரச்செய்யக் கேட்கிறான். சால்வை போர்த்திய முதியவர் ஒருவர் எழும்பி வருகிறார். பேசுகிறவர் சாமுவேல் என்றே கதை நேரடியாகச் சொல்கிறது. பிசாசு பற்றிய பேச்சே அங்கு இல்லை. அந்த விளக்கம் பிற்காலத்தது. ஆரம்பகாலக் கிறிஸ்தவ எழுத்தாளர்களில் தெர்த்துல்லியன் அப்படி எழுதினார், ஓரிகன் என்பவரோ வந்தது சாமுவேல்தான் என்றார். அதற்கும் முந்தைய பழைய யூத ஞான நூலான சீராக், சாமுவேல் இறந்த பிறகும் தீர்க்கதரிசனம் சொன்னதாகப் பாராட்டுகிறது. பிசாசு என்று நம்புவது அவரவர் விருப்பம், ஆனால் அதை வசனத்தின் மேல் ஏற்றிச் சொல்லக் கூடாது.

சரி, இறந்தவர்களிடம் குறி கேட்கும் வழக்கமே இல்லையா? லேவியராகமமும் உபாகமம் 18-உம் அதைத் திரும்பத் திரும்பத் தடை செய்கின்றன. யாரும் செய்யாததற்கு ஏன் இத்தனை தடை? உயிரோடிருப்பவர்களுக்காக இறந்தவர்களிடம் விசாரிக்கலாமா என்று ஏசாயா 8:19 கடிந்துகொள்கிறது. தசமபாகம் கொடுப்பவர், அதில் எதையும் இறந்தவர்களுக்குப் படைக்கவில்லை என்று சொல்ல வேண்டும் (உபாகமம் 26:14). சவுல் ஏற்கெனவே துரத்தியிருந்த குறிகாரர்களை மனாசே ராஜா மறுபடி வைத்துக்கொண்டான். அவனுடைய பேரன் யோசியா அவர்களை மீண்டும் அகற்ற வேண்டியிருந்தது.