அந்த வைரஸுக்கும் குடி இருக்கிறது

போன கிழமை என் வகுப்புப் பிள்ளைகளிடம் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸுக்கு எதிரான தடுப்பூசிக்கு அனுமதிக் கடிதம் கொடுத்து அனுப்பினோம். தரம் 6. பத்தொன்பது பெண் பிள்ளைகள். பதினாறு கடிதம் கையெழுத்தோடு திரும்பி வந்தது. இரண்டு பேர் வீட்டில் மறந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஒரு கடிதம் மட்டும் நாலாக மடித்து வந்தது. விரித்துப் பார்த்தால் ‘விருப்பமில்லை’ என்று நீல மையில் எழுதியிருந்தது. அந்தத் தாயை எனக்கு நல்லாத் தெரியும். பின்னேரம் வீட்டுக்குப் போனேன்.

“கோபிக்காதீங்க டீச்சர்” என்று சொல்லி, தேத்தண்ணி வைத்துவிட்டு, போனை எடுத்து வட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல்பதிவைப் போட்டுக் காட்டினார். யாரோ ஒருவர் நிதானமான குரலில் பேசுகிறார். இந்த வைரஸில் இருநூறு வகை இருக்கிறதாம், கொரோனா மாதிரி மாறிக்கொண்டே இருக்குமாம், ஊசி நாலே நாலு வகைக்குத்தானாம். “மறுகா என்னத்துக்கு டீச்சர் பிள்ளைக்குக் குத்தணும்?” என்று கேட்டார்.

அது யோசித்துக் கேட்ட கேள்வி. வாசலில் நின்றுகொண்டு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. வீட்டுக்கு வந்து இரவெல்லாம் மனசு கேட்கவில்லை. முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

மட்டக்களப்பில் பிறந்தவர்களுக்குக் குடி என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. கல்யாணப் பேச்சு என்றாலும் கோயில் உரிமை என்றாலும் முதலில் கேட்பது “என்ன குடி?” என்றுதான். தாய் வழியாக வரும் குலம் அது. ஒரு குடிக்குள்ளே வயிற்றுவார் என்று கிளைகள் பிரியும். தமிழ் ஆட்களிடமும் இருக்கிறது, காத்தான்குடி, அக்கரைப்பற்று முஸ்லிம் ஆட்களிடமும் இருக்கிறது. எச்.பி.வி.யையும் விஞ்ஞானிகள் கிட்டத்தட்ட இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த வைரஸின் மரபுக்குறிப்பு ஏறக்குறைய 8,000 எழுத்துக்கள் கொண்ட ஒரு சின்ன வளையம். அதில் எல்1 என்று ஒரு மரபணு, வைரஸின் வெளி ஓட்டைக் கட்டுவது. அந்த எல்1 மற்ற எல்லா வகையிலிருந்தும் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வேறுபட்டால் அது தனி வகை. அதற்குத்தான் 16, 18 என்று எண் கொடுக்கிறார்கள். ஒரே வகைக்குள் முழு வளையமும் நூற்றுக்கு ஒன்று முதல் பத்துக்குள் வேறுபட்டால் அது ஒரு குடி மாதிரி. அதற்கும் கீழே, அரை முதல் ஒன்று வரை என்றால் வயிற்றுவார். 16ஆம் வகைக்குள் ஏ, பி, சி, டி என்று நாலு குடி. ஏ குடிக்குள் ஏ1 முதல் ஏ4 வரை வயிற்றுவார்.

இருநூறுக்கு மேல் வகை இருப்பது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பாலானவை கையிலும் காலிலும் மரு வரவைப்பதோடு சரி, அல்லது ஒன்றுமே செய்யாமல் போய்விடும். புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடியவை பதினான்கு வகை அளவில்தான். அதிலும் 16, 18 என்ற இரண்டு மட்டும் சேர்ந்து உலகத்தில் வரும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் நூற்றுக்கு எழுபதுக்குக் காரணம். ஜெர்மனியைச் சேர்ந்த ஹரால்ட் சூர் ஹவுசன் என்ற வைத்தியரின் குழுதான் 1983இல் 16ஐயும் 1984இல் 18ஐயும் புற்றுநோய்க் கட்டிகளிலிருந்து பிரித்தெடுத்தது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். குரல்பதிவில் ‘நாலே நாலு’ என்று இளக்காரமாகச் சொன்ன நாலில் இந்த இரண்டும் இருக்கின்றன. மற்ற இரண்டும், 6உம் 11உம், பிறப்புறுப்பு மருவுக்குக் காரணமானவை.

கொரோனா மாதிரி மாறும் என்பதும் சரியில்லை. கொரோனா ஆர்.என்.ஏ. வைரஸ், ஆறு மாதத்தில் வேறு உருவம் எடுத்ததை நாமே பார்த்தோம். எச்.பி.வி. டி.என்.ஏ. வைரஸ். தன்னைப் பிரதி எடுக்க நம் உடம்புக் கலத்தின் கருவியையே பாவிக்கிறது, அந்தக் கருவி பிழை விட்டால் திருத்திக்கொண்டே போகும். அதனால் இது மாறுவது மிக மிக மெதுவாக. 16ஆம் வகையின் ஏ குடியும் மற்றக் குடிகளும் பிரிந்து ஐந்து இலட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று ஒரு கணிப்பு இருக்கிறது. மனிதர் நாடு நாடாகப் பரவியபோது கூடவே பரவிய கிழட்டு வைரஸ் இது.

இந்தக் குடி வித்தியாசம் நோயில் வித்தியாசம் காட்டுகிறதா என்றால், காட்டுகிறது. டி குடியில் சில வயிற்றுவார்களும் ஆசியாவில் அதிகம் காணப்படும் ஏ4உம் புற்றுநோயோடு கூடுதல் தொடர்பு உள்ளவை. அதுவும் கருப்பைக் கழுத்தின் உட்பாதையில், சுரப்பிக் கலங்களில் வரும் புற்றுநோயோடு. அது உள்ளே ஒளிந்து வளரும். கருப்பைக் கழுத்தில் கலம் எடுத்துப் பார்க்கும் பெப் பரிசோதனைக்கு எளிதில் அகப்படாது. ஈ6 என்ற மரபணுவில் 350ஆவது இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தால் தொற்று நீண்ட காலம் தங்குமா என்றும் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். எல்லா மக்களிடமும் ஒரே விடை வரவில்லை.

இதே புற்றுநோயில் போன என் பெரியம்மாவுக்கு வந்தது எந்த வகை, எந்தக் குடி என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்கிற கட்டத்தில் நாங்கள் அவவைக் கொண்டுபோகவும் இல்லை.

மண்டூர்ப் பக்கம் எங்கள் தாய் வழி. பெரியம்மா கண்ணகை அம்மன் சடங்கென்றால் பத்து நாளும் கோயிலடியில்தான், சடங்கு முடியும் குளிர்த்தி இரவு விடிய விடிய முழித்திருப்பவ. 2010 வைகாசியில் அவ கோயிலுக்கு வரவில்லை. முதல் நாள் வரவில்லை, காய்ச்சலோ என்று நினைத்தோம். குளிர்த்திக்கும் வரவில்லை. அம்மா என்னை அனுப்பினார். போனால் பின்பக்கம் கிணற்றடியில் இருட்டில் துணி அலம்பிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் வாளிக்குள் துணியை அமுக்கினா. தண்ணீர் சிவந்துபோய் இருந்தது. மாதவிடாய் நின்று ஆறு வருடமான மனுசி.

“துடக்கோட கோயிலுக்கு எப்படி மனே வாறது” என்றா. அவ்வளவுதான் அவவுக்குக் கவலை. ஏழு மாதமாக இரத்தம் போகிறது, யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். அதற்குப் பிறகு ஒரு தனியார் கிளினிக்கில் உள்ளே பார்க்காமலே இரத்தம் நிற்க மாத்திரை கொடுத்தார்கள், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. மாத்திரை முடிய மறுபடி போனது. கடைசியில் குருமண்வெளிக்கு வாவியைக் கடக்கும் மிதவைப் பாதையில் ஏற்றி, அங்கிருந்து வான் பிடித்து, பிறகு மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு. பாதை வாவியைக் கடக்கும் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தா, ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வைகாசிக்கு அவ இல்லை.

சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் அடுத்ததைச் சொல்லத்தான் வேண்டும். பெரியம்மா செத்த பிறகு ஊரில் ஒரு கதை அடிபட்டது. ‘அந்த மாதிரி வருத்தம்’ என்று. பெரியம்மாவுக்குப் பதினெட்டு வயதில் கல்யாணம், பெரியப்பாவைத் தவிர இன்னொரு ஆணைத் தெரியாது. இந்த வைரஸ் வர அது போதும். ஒரே ஒரு துணை போதும். உடலுறவு வாழ்க்கை உள்ள ஆணோ பெண்ணோ கிட்டத்தட்ட எல்லோருக்கும் வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வந்து போகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே துரத்திவிடும். துரத்த முடியாமல் தங்கிப்போகிறவர்களில் சிலருக்கு, பதினைந்து, இருபது வருடம் கழித்துப் புற்றுநோய். இதை வைத்து ஒரு பெண்ணின் நடத்தையை அளப்பவர்களை நான் மன்னிக்கத் தயாரில்லை. பெரியம்மாவைக் கிணற்றடியில் ஏழு மாதம் இருட்டில் வைத்திருந்தது அந்தப் பேச்சுக்குப் பயந்த பயம்தான்.

இனி, வாசலில் நின்று சொல்ல முடியாமல் போன முக்கியமான சங்கதி.

2017இல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. 16ஆம் வகை தொற்றிய 5,570 மாதிரிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் வைரஸின் முழு எழுத்தையும் வாசித்தார்கள். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன மாற்றங்கள். இரண்டு பேரில் இருந்த வைரஸ் அச்சாக ஒன்றாக இருப்பதே அபூர்வம் என்ற அளவுக்கு. குரல்பதிவு மனிதர் இதைக் கேட்டால் ‘பார்த்தீர்களா’ என்பார். ஆனால் புற்றுநோய் வந்த பெண்களின் மாதிரியில் ஈ7 என்ற மரபணு கிட்டத்தட்ட எழுத்துப் பிசகாமல் அப்படியே இருந்தது. ஈ7 மாறியிருந்த வைரஸ்கள் பெரும்பாலும் புற்றுநோய் வராத பெண்களிடம்தான் இருந்தன. அதாவது இந்த வைரஸ் எங்கே வேண்டுமானாலும் மாறலாம், ஈ7 மாறினால் புற்றுநோயை உண்டாக்கும் கெட்டித்தனம் குறைந்துவிடுகிறது.

ஏன் என்றால் ஈ7இன் வேலை அப்படி. நம் கலத்துக்குள் ஆர்.பி. என்று ஒரு புரதம், குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசடியில் நிற்கும் காவல்காரன் மாதிரி, தேவையில்லாமல் கலம் பிரியாதபடி கதவை அடைத்து வைத்திருக்கும். ஈ7 போய் அவன் கையைக் கட்டிவிடும். கதவு திறந்துகொள்ளும். இன்னொரு புரதம் பி53, பழுதான கலத்தைக் கண்டால் அதை நிறுத்தும், முடியாவிட்டால் சாகச் சொல்லும். அதை ஈ6 அழித்துவிடும். வைரஸ் வளையம் உடைந்து நம் டி.என்.ஏ.க்குள் ஒட்டிக்கொண்டால் ஈ6, ஈ7 இரண்டையும் அடக்கி வைத்திருந்த ஈ2 என்ற கடிவாளமும் பல நேரம் அறுந்துபோகும். பிறகு வருடக் கணக்காகத் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கும்.

ஊசி இந்த ஈ6, ஈ7இன் பக்கமே போவதில்லை. அது கலத்துக்குள் நுழைய முன்னமே வாசலில் மறிக்கிற வேலை. ஊசியில் வைரஸே இல்லை, எல்1 புரதத்தால் கட்டிய வெறும் ஓடு மட்டும். தேங்காய் எடுத்த சிரட்டை மாதிரி. சிரட்டையை முளைக்க வைக்க முடியாது. ஆனால் உடம்பு அந்த ஓட்டின் உருவத்தைப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளும். 16இன் நாலு குடிக்கும் அந்த ஓடு ஏறக்குறைய ஒன்றுதான், ஆகவே குடி வேறு என்று ஊசி ஏமாறாது. ஏற்கெனவே உள்ளே குடியேறிவிட்ட வைரஸை மட்டும் இந்த ஊசியால் விரட்ட முடியாது. அதனால்தான் பத்து, பதினொரு வயதில் போடுகிறார்கள். ‘சின்னப் பிள்ளைக்கு எதற்கு’ என்று கேட்கிறவர்களுக்கும் பதில் இதுதான்.

இலங்கையில் இதை 2017இல் பாடசாலைத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தார்கள், அப்போது ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. இங்கிலாந்தில் 12, 13 வயதில் போட்ட பெண்களிடம் இந்தப் புற்றுநோய் 87 வீதம் குறைந்திருப்பதாக 2021இல் கணக்குக் காட்டினார்கள். ஸ்கொட்லாந்தில் அதே வயதில் போட்டவர்களிடம் ஒருத்திக்குக்கூட வரவில்லை என்று 2024இல் எழுதினார்கள்.

அந்தத் தாயின் கேள்வியில் நியாயமான ஒரு பங்கும் இருக்கிறது. 31, 33, 45, 52, 58 என்று மற்ற ஆபத்தான வகைகள் இருக்கின்றன. 16, 18 போக மிச்சம் முப்பது வீதத்தில் பெரும் பங்கு அவற்றால் வருவது. அதற்காகத்தான் தாய்மாருக்குப் பெப் பரிசோதனை. மகளுக்கு ஊசி போட்டாலும் பெரியவளானதும் அவளும் பரிசோதிக்கத்தான் வேண்டும். எம்.ஓ.எச். ஒபிஸில், அதாவது சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில், நடக்கும் வெல் வுமன் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் இலவசமாகச் செய்கிறார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் முப்பத்தைந்து தாண்டிய பெண்கள் பதினொரு பேர். போனவர்கள் நானும் காத்தான்குடியிலிருந்து வரும் ஒரு ஆசிரியையும் மட்டும். பட்டம் படித்த பெண்கள் இப்படி என்றால் வயலுக்குப் போகிறவர்களை எப்படிக் குறை சொல்வது?

நான் 35இல் போனபோது எப்படி இருந்தது என்று சொல்கிறேன், தெரியாததால்தானே பயம். ஒரு திரை, ஒரு கட்டில். மிட்வைஃப் அக்கா ஒரு கண்ணாடித் துண்டின் ஓரத்தில் பென்சிலால் என் இலக்கத்தை எழுதினா. “மூச்ச நல்லா விடுங்க தங்கச்சி, இறுக்காதீங்க” என்றா. ஐஸ்பழக் குச்சி மாதிரி ஒரு மரத்துண்டால் ஒரு சுற்று. கொஞ்சம் கூச்சமாக இருந்தது, நோகவில்லை. கண்ணாடியில் தடவி ஒரு திரவத்துக்குள் வைத்தா. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து வாங்கில் இருந்து அழுதேன், பெரியம்மாவை நினைத்து.

எனக்கு இன்னொரு ஆசையும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையை முதல் தெரிவாக வைக்கச் சொல்லிவிட்டது. கலம் மாறிய பிறகு பார்ப்பது பெப். வைரஸ் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்பது இது, உட்பாதையில் ஒளிந்து வளர்வதையும் கூடுதலாகப் பிடிக்கும். பெண்ணே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம், கட்டிலும் திரையும் தேவையில்லை. வெட்கத்தால் செத்துப்போகிற எங்கள் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை. வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் ஒரு சின்னக் கிளினிக் வரைக்கும் அது வந்து சேர வேண்டும். கேட்க வேண்டிய இடத்தில் எல்லோருமாகக் கேட்போம்.

அந்தத் தாயிடம் நேற்று மறுபடி போனேன். பெரியம்மா கதையை மட்டும் சொன்னேன், வைரஸ் கதையைக் குறைத்துக்கொண்டேன். கடிதத்தைத் திரும்ப வாங்கி மேசையில் வைத்திருக்கிறார், இன்னும் ஒன்றும் எழுதவில்லை. அவருக்கு இந்த வருடம் 35. “ஊசிய யோசிக்கிறன் டீச்சர், நீங்க சொன்ன மத்தச் சோதனைக்கு என்னோட வருவீங்களா?” என்று கேட்டார். வருவேன் என்றேன். கிளினிக் நாளை மிட்வைஃப் அக்காவிடம் கேட்டுச் சொல்வதாக இருக்கிறேன். 35, 45 ஆன யாராவது தனியாகப் போகக் கூச்சப்பட்டால் இன்பாக்ஸில் எழுதுங்கள், எல்லோரும் ஒரே ஓட்டோவில் போகலாம்.